செம்மண் கட்டிய அவரை

போன மாதம் ஓசூரில் வேளாண்மைத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. கிராமசேவிகாக்களை மேற்பார்க்கும் முக்கிய சேவிகாவாக இருந்து ஓய்வு பெற்றவள் என்று என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அன்றைய பாடம் பூச்சி மருந்துச் சட்டம். பதிவு செய்யாத மருந்தை விற்கக் கூடாது, டப்பாவின் மேல் சாய்சதுரம் இருக்க வேண்டும், அதன் நிறத்தைப் பார்த்தே எவ்வளவு கொடிய விஷம் என்று தெரிய வேண்டும், உள்ளே பல மொழிகளில் துண்டுத்தாள் இருக்க வேண்டும் என்று ஒருவர் அடுக்கிக்கொண்டே போனார். பக்கத்தில் இருந்த பெண் என் பக்கம் குனிந்து, "எதுக்குங்கம்மா இவ்ளோ ரூல்ஸ்? எவன் படிக்கப் போறான்?" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கூட்டத்தில் கத்துகிற வயசெல்லாம் போய்விட்டது. வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். அந்தப் பெண் இதையாவது படிக்கட்டும்.

நான் காவேரிப்பட்டினத்துக்காரி. ஐம்பதுகளின் நடுவில் கிராமசேவிகா வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. புகையில்லா அடுப்புக் கட்டவும், பால் பவுடரைக் கட்டி தட்டாமல் கரைக்கவும், காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வைக்கவும் கற்றுக்கொடுத்து, ஒரு பையும் குடையும் கொடுத்து ஓசூர்ப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். இன்றைக்குக் கம்பெனிச் சங்கு ஊதுகிற ஓசூர் இல்லை அது. சந்தை நாள் போனால் தெருவில் ஈ காக்கை இருக்காது. எனக்கு விட்ட ஊர்கள் தளிக்குப் போகிற வழியில். அங்கே புருஷன் தெலுங்கில் திட்டுவான், பெண்டாட்டி கன்னடத்தில் திருப்பிக் கொடுப்பாள், இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் தமிழில் நியாயம் கேட்பார்கள். கல்யாணம் ஆகாத ஒரு பெண் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நுழைவதைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். பிறகு அடுப்படி வரைக்கும் விட்டார்கள்.

எங்கள் வட்டாரத்து விவசாய விரிவாக்க அலுவலர் பெயர் நரசிம்மன். ஒல்லியான மனுஷன். அதிர்ந்து பேசமாட்டார், யார் வீட்டிலும் உட்காரவும் மாட்டார். "உக்காந்தா காபி குடுப்பாங்க, காபி குடிச்சா கண்டிக்க முடியாது" என்பார். சோளத்துக்குக் கரிப்பூட்டை நோய் வந்து கதிரெல்லாம் கரியாகிக்கொண்டிருந்த காலம் அது. அதற்குத் தடுப்பாக விதையில் கலக்கும் மருந்துப் பொடி ஒன்று சர்க்காரிடமிருந்து வந்தது. பாதரசம் சேர்ந்த பொடி. சாம்பல் நிறம், மூக்கில் லேசாக ஏறும்.

அதைக் கலக்கக் கற்றுக்கொடுக்கும்போது சாரைப் பார்க்க வேண்டும். முதலில் ஒரு பிடி மண்ணைத் தூவிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பார். வெற்றிலை போட்டிருப்பவனைத் துப்பிவிட்டு வாய் கொப்பளித்து வரச் சொல்வார். எல்லோரும் மூக்கில் துண்டு கட்ட வேண்டும். பானையில் விதையைப் போட்டு, பொடியைக் கொட்டி, வாயைத் துணியால் இறுக்கி, பொடி எல்லா விதையிலும் ஒட்டுகிற வரைக்கும் உருட்டச் சொல்வார். முடிந்ததும் தன் பையிலிருந்து சோப்பை எடுப்பார். ஒவ்வொருத்தனும் கை கழுவியபின் கையைத் தூக்கி நகக்கண்ணைப் பார்ப்பார். கடைசியில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, "ம், திருப்பிச் சொல்லு" என்பார். ஒரு வார்த்தை தப்பினாலும் பொடி கிடையாது.

கலக்கிய பானையை உடைத்துவிட வேண்டும் என்று முதல் வருஷம் சொல்லிப் பார்த்தார். ஊரே முறைத்தது. நல்ல பானையைச் சுடுகாட்டில்தான் உடைப்பார்கள். விதைக்கிற நாளில் எவன் உடைப்பான்? ஒரு பெரியவர், "சாரு, எங்க கொள்ளிய நீங்களே வெக்க வந்தீங்களா?" என்று கேட்டே விட்டார். சார் அடுத்த தடவையிலிருந்து குயவர் வீட்டில் பானை வாங்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்தார். கலக்கி முடித்ததும் தன் பானையைத் தானே எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

ஆனால் அந்தப் பொடி ஊருக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். பட்டணத்திலிருந்து பெரிய டின்னில் வரும். டின்னைச் சுற்றி லேபிள் பளபளவென்று இருக்கும். மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு, கீழே பொடிப் பொடியாக இங்கிலீஷ் எழுத்து. ஒரு டின் பல ஊருக்குக் காணும். அதனால் எங்கள் ஆபீஸ் டிப்போவில் தராசை வைத்து நிறுத்து, பழைய செய்தித்தாளில் பொட்டலம் மடித்து, சணலால் கட்டி, மேலே பென்சிலில் 'விதைக்கு' என்று எழுதுவார்கள். செட்டியார் கடையில் மிளகாய்ப்பொடி மடிக்கிற அதே மடிப்புத்தான். ஒரு வள்ளம் விதைக்கு ஒரு பொட்டலம். காலி டின்னுக்கு மேலிடத்தில் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதால் அது ஆபீஸை விட்டு நகராது.

இது தப்பு என்று சொல்ல அன்றைக்குச் சட்டம் இல்லை. விஷத்துக்கு ஒரு பழைய சட்டம் இருந்தது. பாஷாணம் வாங்கிக் குடும்பத்தில் யாருக்காவது கொடுப்பவர்களைப் பிடிக்க அது. பயிருக்குப் போடுகிற சரக்கைப் பதிவு செய்தாயா, எந்த மொழியில் எழுதினாய், மாற்றிக் கட்டினால் லேபிளும் கூடப் போகிறதா என்று கேட்க நாதி இல்லை. ஒரு தடவை நான் சாரிடம் கேட்டேன். "சார், பொட்டலத்து மேல விஷம்னு மூணு பாஷையிலயும் எழுதிடலாமே?"

"எழுதினா பயந்துகிட்டு ஒருத்தனும் வாங்க மாட்டான்னு மேல சொல்றாங்கம்மா. வாங்கலைன்னா பாதிச் சோளம் கரியாப் போயிடும்" என்றார். அப்புறம், "இங்க படிக்கிறவன் எத்தனை பேரு? எழுத்தைவிட வாய் நல்லது. எழுத்துகிட்ட, திருப்பிச் சொல்லுன்னு கேக்க முடியாது" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

என் ஊர்களில் ஒன்றில் முனியப்பா என்று ஒருவர். கொஞ்சம் நிலம், நிறைய மூளை. சார் கேட்டால் ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்வார். புது விதை, புது உரம் எது வந்தாலும் முதல் ஆளாகக் கை நீட்டுவார். அவர் சம்சாரம் கெம்பம்மா. சரியான வாயாடி. "சேவிகாம்மா, எங்களுக்கெல்லாம் அடுப்புக் கட்டிக் குடுக்கறீங்க, நீங்க எப்பம்மா தாலி கட்டிக்கப் போறீங்க?" என்று தெருவே கேட்கும்படி கேட்பாள். அவர்களுக்கு ஒரே குழந்தை, ரத்னி. பல் விழ ஆரம்பிக்காத வயசு. என் குடையைப் பிடுங்கி விரித்துக்கொண்டு முற்றத்தில் சுற்றுவாள்.

ஒரு வைகாசியில் போனபோது கெம்பம்மா என்னைக் கேலி செய்யவில்லை. மோர் கொண்டு வந்தவள் நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டாள். டம்ளரை என் பக்கத்தில் வைக்கிறேன் என்று வெறுமனே காற்றில் விட்டாள். மோர் கொட்டியது. "விரலெல்லாம் மரத்துப் போச்சும்மா. உதட்டுல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது" என்றாள். நாக்கு குழறியது. நான் சொல்வதை இரண்டு மூன்று தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

டாக்டரிடம் காட்டியிருந்தார்கள். அவர் வாதம் என்று எண்ணெய் எழுதிக் கொடுத்திருந்தார். பூசாரி எலுமிச்சம்பழம் மந்திரித்துக் கட்டியிருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? அவள் நடை தள்ளாடுவதைப் பார்த்து, திருட்டுச் சாராயம் குடிக்கிறாள் என்று சொன்னார்கள். வாய் கூசாமல் என்னிடமே சொன்னார்கள். "பாத்தீங்களா உங்க கண்ணால?" என்று சண்டை பிடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரமே மறுபடி போனேன். கெம்பம்மா சமைக்க உட்கார்ந்திருந்தாள். முடியாதவளை எதற்குக் கஷ்டப்படுத்துவது என்று நானும் அடுப்படியில் உட்கார்ந்தேன். மொடா என்கிற பெரிய பானையிலிருந்து அவரைக்கொட்டையை அள்ளிச் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் செக்கச் செவேல் என்று ஆனது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் தை மாதத்தில் அவரை அறுத்ததும் செம்மண்ணைக் கூழாகக் கரைத்துக் கொட்டையில் புரட்டிக் காயவைத்துத்தான் மொடாவில் கொட்டுவார்கள். மண் கட்டிய கொட்டையில் வண்டு துளைக்காது. வேண்டும்போது அள்ளி, மண் போகக் கழுவிச் சமைப்பார்கள்.

கெம்பம்மா மூன்று தண்ணீர் விட்டாள். மூன்றாவது தண்ணீர் தெளிந்துவிட்டது. கொட்டைகள் பளிச்சென்று இருந்தன. ஒன்றில்கூட ஓட்டை இல்லை. மண் கட்டினாலும் வைகாசியில் நாலு கொட்டையாவது சொத்தையாக இருக்கும். "என்ன கெம்பம்மா, ஒரு வண்டு கூட காணோம்?" என்று அவள் காதருகில் கேட்டேன்.

அவள் முகத்தில் பழைய சிரிப்பு வந்தது. "அவரு வேலைம்மா. போன ஆடியில குடுத்தீங்க இல்ல, சோளத்துக்கு மருந்து. எல்லாரும் மிச்சம் வெச்சிருந்தாங்க. அதையெல்லாம் கேட்டு வாங்கி, செம்மண்ணுல கலந்து கட்டிட்டாரு. வண்டு எட்டிக்கூட பாக்கல."

சட்டியைப் பிடுங்கிக் கொல்லையில் கொட்டினேன். "அய்யோ, பேடா, பேடாம்மா!" என்று கன்னடத்தில், வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டே கெம்பம்மா என் கையைப் பிடிக்கப் பார்த்தாள், பிடி கிடைக்கவில்லை. சத்தம் கேட்டு முனியப்பா ஓடி வந்தார்.

"இதுல ஒரு கொட்டை திங்கக் கூடாது முனியப்பா. கொழந்தைக்குக் குடுக்கவே கூடாது."

"ஏங்க? நல்ல அவரைங்க. நாங்க பங்குனியிலேருந்து திங்கறோம்."

"அதனாலதான் சொல்றேன். அது விஷம்."

"மண்ணோட போயிடுச்சுங்க அது. கழுவித்தான திங்கறோம்? மழையும் இல்ல, ராகி அடிமட்டத்துல கெடக்குது. இத்தையும் வேணாம்னா புள்ளைக்கு என்னாத்த போடறதுங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒன்றும் தெரியாதவளுக்குப் புரிய வைக்கிற மாதிரி சொன்னார்.

நான் என்ன பெரிய படிப்பாளியா? கெம்பம்மாவின் நோய் இதனால்தான் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் ரத்னி அதே சட்டியில்தான் தின்கிறாள் என்பது தெரியும். அவளை எப்படியாவது அந்த மொடாவிடமிருந்து பிரிக்க வேண்டும் என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது. கிடைத்த பஸ்ஸில் ஓசூர் ஓடினேன். சார் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் மூடிவிட்டார். பொழுது சாய்வதற்குள் ஜீப்பில் இரண்டு பேரும் ஊருக்குத் திரும்பினோம்.

சார் மொடாவில் கையை விட்டு ஒரு கொட்டையை எடுத்து முகர்ந்தார். கெம்பம்மாவை நடக்கச் சொல்லிப் பார்த்தார். கண்ணுக்குப் பக்கவாட்டில் கையை ஆட்டினார். அவளுக்குத் தெரியவில்லை, நேராகக் கொண்டு வந்தால்தான் தெரிந்தது. பிறகு முனியப்பாவிடம் திரும்பினார். குரல் உயரவில்லை.

"நான் உனக்கு என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லு."

முனியப்பா நிமிர்ந்து நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். "காத்துக்கு முதுக காட்டி நிக்கணும். மூக்குல துண்டு கட்டணும். வாயில ஒண்ணும் இருக்கக் கூடாது. சோத்துப் பானையில கலக்கக் கூடாது. ஒட்டற வரைக்கும் உருட்டணும். முடிஞ்சதும் கைய நல்லா கழுவிட்டுத்தான் சோறு திங்கணும்."

ஒரு வார்த்தை தப்பில்லை. சார் காத்திருந்தார். முனியப்பா தயங்கி, "அவ்ளோதானுங்களே சொன்னீங்க?" என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்டதை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். "கைய கழுவுனா போயிடும்னு நீங்கதான சார் சொன்னீங்க? கையில போறது அவரையில போவாதுங்களா?"

சார் அந்த வீட்டு மண்தரையில், மொடாவுக்குப் பக்கத்தில், அப்படியே உட்கார்ந்துவிட்டார். யார் வீட்டிலும் உட்காராத மனுஷன். எனக்கு அழுகையாக வந்தது.

உட்கார்ந்தபடியே சொன்னார். கையில் பட்டது மேலேயே இருக்கும். கொட்டையில் பல மாதம் இருந்தது உள்ளே இறங்கிவிடும். கழுவினால் மண் போகும், நிறம் போகும், விஷம் போகாது. இது தின்றதும் வாந்தி எடுக்க வைக்கிற விஷம் இல்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஒரு மாதமோ அதற்கு மேலோ கழித்துத்தான் காட்டும். முனியப்பா பாதி நாள் வெளியூருக்குக் கூலிக்குப் போய் அங்கேயே தின்றதால்தான் தப்பித்தார் என்றும் சொன்னார்.

"அப்ப பாப்பா?" என்றார் முனியப்பா.

கெம்பம்மா எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் காதில் விழவில்லை. "என்னா சொல்றாங்க? என்னா சொல்றாங்க?" என்று என் புடவையைப் பிடித்து இழுத்தாள். வேறு வழியில்லை. அவள் காதில் வாயை வைத்துக் கத்தினேன், "அவரையில விஷம் கெம்பம்மா! சோத்துல விஷம்!" தெரு முழுக்கக் கேட்டிருக்கும். சாராயம் என்று சொன்னவளுங்க எல்லாம் வாசலில் வந்து நின்றார்கள்.

"மூணு தண்ணி விட்டேனே" என்றாள் கெம்பம்மா. "என் கையாலதான ரத்னிக்கு ஊட்டுனேன். மூணு தண்ணி விட்டுத்தானம்மா ஊட்டுனேன்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். முனியப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஊருக்கு வெளியே கிணறு இல்லாத பக்கமாக இடுப்பளவு குழி தோண்டி, மொடாவோடு இறக்கி, சுண்ணாம்பு போட்டு மூடினார். யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை.

இந்தச் செய்தி மேலே போனதும் ஒரு பெரிய அதிகாரி விசாரிக்க வந்தார். நாங்கள் சொன்ன வேலையை விட்டு விவசாயிதான் மருந்தை வேறு வேலைக்குப் பயன்படுத்தினான் என்று முடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. என்னையும் சாரையும் நிற்க வைத்துக் கேட்டார். "சரக்கு மேல லேபிள் இருந்ததா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"இருந்தது சார்" என்றார் நரசிம்மன் சார்.

"விஷம்னு போட்டிருந்ததா?"

"போட்டிருந்தது. மண்டையோடும் இருந்தது."

"அப்புறம் என்ன?"

"லேபிள் டின்ல இருந்தது சார். டின் நம்ம ஆபீஸ்ல இருந்தது. விஷம் அவன் வீட்ல இருந்தது."

அதிகாரி முகம் சுண்டிப் போனது. அந்த வருஷமே சாருக்குத் தெற்கே எங்கேயோ மாற்றல் வந்தது. போகிற அன்று அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "நான் சொன்னத மட்டும்தாம்மா திருப்பிச் சொல்லச் சொன்னேன். அவன் என்ன நெனைக்கிறான்னு ஒரு நாளும் கேக்கல." அதற்குப் பிறகு டிப்போவில் பொட்டலம் மடிக்கிற இடத்தில் நானே போய் உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் 'விஷம், கழுவினாலும் போகாது, தின்னக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதினேன். இது சேவிகா வேலையா என்று திட்டினார்கள். திட்டட்டும் போ என்று எழுதினேன். சட்டம் என்று ஒன்று வர இன்னும் எத்தனையோ வருஷம் ஆனது. வேறு எங்கெங்கோ வேறு யார் யாரோ செத்தபிறகுதான் வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுதான்.

கெம்பம்மாவுக்கு மருந்தில்லை. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கே அனுப்பினார்கள். பார்வை குறுகிக் குறுகிக் கடைசியில் எதிரில் இருப்பவர் முகம்கூடத் தெரியவில்லை. அந்த ஆடியில் முதல் மழை விழுவதற்கு முன்பே போய்விட்டாள். அவ்வளவு பேசிய வாய், கடைசி நாட்களில் ஒரு சொல்லும் தெளிவாக வரவில்லை. பாவி, என் கல்யாணத்தைப் பார்க்காமலே போனாள்.

ரத்னி பிழைத்தாள். ஒரு காது மந்தம், எழுதும்போது கை நடுங்கும், அதோடு போயிற்று. வளர்ந்து, நாட்றாம்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டு, பேரன் பேத்தியும் எடுத்துவிட்டாள். ஆனால் அவள் பிழைப்பாள் என்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. கெம்பம்மா போன பத்தாம் நாள் காரியம் முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன்.

குழந்தை துரும்பாக இளைத்திருந்தது. சோத்துல விஷம் என்று அன்றைக்கு நான் கெம்பம்மா காதில் கத்தியதை அவளும் கேட்டிருக்கிறாள். அதிலிருந்து யார் கையாலும் ஒரு வாய் வாங்கமாட்டேன் என்கிறாளாம். நான் கொண்டு போன பொரியை நீட்டினேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். முனியப்பா தட்டில் ராகிக்களியும் கீரையும் வைத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். முதல் கவளத்தைத் தான் தின்றார். ரத்னி அவர் மோவாயைப் பிடித்து, முகத்தைத் தன் பக்கம் திருப்பி, அவர் கண்ணையே பார்த்தாள். அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் சிரித்துக் காட்டினார். "பாரு, அப்பாவுக்கு ஒண்ணும் ஆவல" என்றார். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தாள். அடுத்த கவளத்துக்கு மறுபடியும் அதே மாதிரி.

என்னால் பார்க்க முடியவில்லை. எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். ஊட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே முனியப்பாவும் வந்தார். உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சாரு சொன்னாரு இல்லீங்க, அந்த விஷம் உள்ள போயி ஒரு மாசம் கழிச்சுத்தான் காட்டும்னு?"

"ஆமாம்."

"நான் தின்னுட்டு கொஞ்ச நேரம் நல்லா இருந்தா போதும்னு நெனச்சிகிட்டு இருக்கறா. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, சேவிகாம்மா."